இடம் முதலில், சரக்கு கடைசியில்: தீபாவளிப் பட்டாசுக் கடைக்கு உரிமம் வாங்குதல்

ஆடி முடிந்ததும் ஊரில் பட்டாசுப் பேச்சு தொடங்கிவிடும். சிவகாசியிலிருந்து விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். இப்போதே முன்பணம் கட்டினால் தள்ளுபடி கூடும் என்று ஏஜென்ட் சொல்வார். புதிதாகக் கடை போட நினைப்பவர்களில் பலர் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகிறார்கள். முதலில் பணத்தைக் கட்டுகிறார்கள், பிறகு கடைக்கு இடம் தேடுகிறார்கள், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உரிமத்துக்கு அலைகிறார்கள். உரிமம் மறுக்கப்பட்டால் சரக்கு நடுத்தெருவில் நிற்கும். இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றிப் போடச் சொல்கிறது. இடம் முதலில், உரிமம் அடுத்து, சரக்கு கடைசியில்.

காரணம் எளியது. பட்டாசு உரிமம் உங்கள் பெயரில் வந்தாலும், அதிகாரிகள் சோதிப்பது பெரும்பாலும் இடத்தைத்தான். உங்கள் நாணயத்தைப் பற்றி ஊரே நற்சான்று கொடுத்தாலும், பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் விண்ணப்பம் அதோடு முடிந்தது.

யார் கையில் எது இருக்கிறது

பட்டாசு வெடிபொருள் கணக்கில் வருகிறது. அதை ஆள்வது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன் கீழ் வந்த 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும். இரண்டும் மத்திய அரசுடையவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு ஆலைகளையும் பெரிய கிடங்குகளையும் கவனிக்கிறது. தீபாவளிக்கான தற்காலிகக் கடைக்கு நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. அந்த அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம் விடப்பட்டிருக்கிறது. மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகம். பல இடங்களில் மாவட்ட வருவாய் அலுவலரின் கையெழுத்து. சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம்.

ஆக, சட்டம் டெல்லியில், கையெழுத்து மாவட்டத் தலைநகரில், ஆனால் முடிவு உருவாவது உங்கள் தெருவில். காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், உள்ளாட்சி ஆகிய நான்கு பேரும் நேரில் பார்த்து அறிக்கை அனுப்புகிறார்கள். ஒருவர் 'ஆட்சேபனை' என்று எழுதினால் மற்ற மூவரின் சம்மதத்துக்கு அதிக மதிப்பில்லை.

உள்ளாட்சியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பேரூராட்சியில் சொல்லிவிட்டோம், கவுன்சிலரிடம் பேசிவிட்டோம், போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. நகராட்சியோ ஊராட்சியோ தன் மைதானத்தைத் தரலாம், தர மறுக்கலாம், தொழில் வரி கேட்கலாம், குப்பைக்குக் கட்டணம் வாங்கலாம். வெடிபொருள் விதியில் ஒரு மீட்டரைக்கூடக் குறைக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

மாநில அரசின் குரல் கேட்பது இன்னொரு இடத்தில். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரவு 8 முதல் 10 மணி வரை என்று நேரம் குறித்தது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிக்கும் ஊருக்கு இரவு நேரம் பொருந்தாது என்று தமிழ்நாடு முறையிட்டது. இரண்டு மணி நேரம் என்ற அளவு மாறாமல், எந்த நேரம் என்பதை மாநிலமே முடிவு செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற நேரம் அப்படி வந்தது. இது விற்கும் நேரமல்ல, வெடிக்கும் நேரம். ஆனாலும் கடை வாசலில் இதைப் பலகையில் எழுதி வையுங்கள்.

ஐம்பது மீட்டர் கணக்கு

கடை போட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கட்டடத்துக்குள், மற்றொன்று திறந்த மைதானத்தில் கொட்டகை.

கட்டடம் என்றால் செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடமாக, தரைத்தளத்தில் இருக்க வேண்டும். பரப்பளவு 9 சதுர மீட்டருக்குக் குறையாமல், 25 சதுர மீட்டருக்கு மிகாமல். நம் கணக்கில் ஏறத்தாழ 97 சதுர அடி முதல் 269 சதுர அடி வரை. மாடியில் குடியிருப்பு இருந்தால் கிடைக்காது. அடித்தளமும் ஆகாது, மாடிப்படியின் அடியும் ஆகாது, லிஃப்ட் பக்கத்திலும் ஆகாது. உள்ளே வர ஒரு வழியும், அவசரத்தில் வெளியேற இன்னொரு வழியும் வேண்டும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். தீப்பற்றக்கூடிய பொருளோ வெடிபொருளோ வைத்திருக்கும் வேறு இடத்திலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

நம்மூர்க் கடைவீதியில் இந்த நிபந்தனைகளோடு ஒரு கடையைத் தேடிப் பாருங்கள். மேலே வீடு, பின்பக்கம் சுவர், ஒரே ஷட்டர், பக்கத்தில் டீக்கடை. ஷட்டர் ஒன்றுதான் என்றால் விண்ணப்பம் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பின்சுவரை இடித்து வழி வைக்கலாமா என்று கட்டட உரிமையாளரிடம் ஆவணியிலேயே கேட்டுவிடுங்கள்; ஐப்பசியில் கேட்டால் யாரும் இசையமாட்டார்கள்.

டீக்கடையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை பற்றியபோது, அடுத்திருந்த பேக்கரியின் கேஸ் சிலிண்டர்களும் வெடித்துச் சேதத்தைப் பெருக்கின. அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன், 2016 அக்டோபர் 20 அன்று, சிவகாசியில் சரக்கு ஏற்றும்போது பற்றிய தீயின் புகை, பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்தது. குறைந்தது 8 பேர் இறந்தார்கள். ஸ்கேன் எடுக்க வந்தவர்களுக்கும் பட்டாசுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இடைவெளி விதி காப்பாற்ற நினைப்பது அப்படிப்பட்டவர்களைத்தான்.

மைதானத்துக் கொட்டகைக்கு விதி வேறு. தீப்பிடிக்காத பொருளால் ஆன கொட்டகை. பூட்டி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கொட்டகைக்கும் கொட்டகைக்கும் நடுவில் குறைந்தது 3 மீட்டர். வீடு, பள்ளி, மருத்துவமனை, கோயில், தியேட்டர் போன்ற மக்கள் புழங்கும் கட்டடங்களிலிருந்து குறைந்தது 50 மீட்டர். ஒரு கொட்டகை இன்னொன்றைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. ஒரே தொகுதியில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. கொட்டகையிலிருந்து 50 மீட்டருக்குள் யாரும் வெடித்துக் காட்டவும் கூடாது.

ஏன் எதிரெதிராக வைக்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் கடை, நடுவில் கூட்டம் என்றால் வியாபாரம் களைகட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கடை பற்றினால் ராக்கெட்டும் ஷாட்டும் திறந்த பக்கமாகத்தான் பாயும். எதிரே இன்னொரு திறந்த வாசல் இருந்தால் அங்கே நேரே போய் விழும்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடலாம். 3 மீட்டருக்கு 3 மீட்டர் கொட்டகை ஒன்று. நான்கு பக்கமும் 50 மீட்டர் விட்டால் 103க்கு 103 மீட்டர், அதாவது சுமார் 2.6 ஏக்கர் வெற்றிடம். ஒரே ஒரு கடைக்கு! அதே அளவில் 10 கொட்டகைகளை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். கொட்டகைகளுக்கு 30 மீட்டர், இடைவெளிகள் ஒன்பதுக்கு 27 மீட்டர், மொத்தம் 57 மீட்டர் நீளம். சுற்றிலும் 50 மீட்டர் சேர்த்தால் 157க்கு 103 மீட்டர், கிட்டத்தட்ட 4 ஏக்கர். தனியாளுக்கு 2.6 ஏக்கர், பத்துப் பேருக்கு 4 ஏக்கர். வியாபாரிகள் சேர்ந்து மைதானம் பிடிப்பதன் லாபம் இந்தக் கணக்கில் இருக்கிறது. சென்னையில் தீவுத்திடல் ஆண்டுதோறும் பட்டாசுச் சந்தையாக மாறுவதன் பின்னாலும் இதே கணக்குத்தான். சுற்றியுள்ள வெற்றிடம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை, கட்டடம் இல்லாமல் இருந்தால் போதும். ஆனால் நாடாவை நீங்களே பிடித்து அளந்து பாருங்கள். கண் மதிப்பில் ஐம்பது என்று தோன்றுவது பெரும்பாலும் முப்பத்தைந்துதான்.

கொட்டகைக்குத் தகரம் போடுங்கள். சாமியானா துணி, கீற்று, தார்ப்பாய் ஆகியவை தீப்பிடிக்காத பொருள் ஆகா. போதாக்குறைக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். தரையிலிருந்து சரக்கை உயர்த்தி வைக்க மரப்பலகை அடுக்கு வேண்டும். தாழ்ந்த மைதானமாக இருந்தால் ஒரு மழையில் உங்கள் முதல் நனைந்து போகும்.

இடம் தேடும்போது ஊரின் மனநிலையையும் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசே வெடிப்பதில்லை. அங்கே கடை போட எந்த விதி அனுமதித்தாலும் வாங்க ஆள் வராது.

விண்ணப்பம்

மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் செய்திக்குறிப்பு வெளியிட்டு, கடைசித் தேதி சொல்லும். தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தத் தேதியும் மாறும். போன ஆண்டு வந்த தேதியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் இ-சேவை மையம் வழியாகத்தான் விண்ணப்பம். ஏ.இ.-5 என்ற படிவம், இடத்தின் வரைபடம், சொந்த இடமானால் பத்திரம் அல்லது பட்டா நகல், வாடகை இடமானால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும், சொத்து வரி ரசீது, கட்டணம் கட்டிய சலான், முகவரிச் சான்று, புகைப்படம். கட்டணத்தொகையை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

இவற்றில் வரைபடத்தில்தான் விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழும். ஜெராக்ஸ் கடையில் பேனாவால் ஒரு சதுரம் போட்டு 'எனது கடை' என்று எழுதிக் கொடுத்தால் திரும்பி வரும். நான்கு பக்கமும் என்ன இருக்கிறது, எத்தனை மீட்டரில் இருக்கிறது, வாசல் எந்தப் பக்கம், அவசர வழி எது, மின்கம்பி எங்கே போகிறது, தீயணைப்பு வண்டி எந்தத் தெரு வழியாக வரும் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். பக்கத்தில் கோயில் இருந்தால் அதையும் வரையுங்கள். மறைத்தால் ஆய்வாளர் வந்து பார்ப்பார். அதன் பிறகு நீங்கள் எழுதிய எந்த அளவையும் அவர் நம்பமாட்டார்.

விண்ணப்பம் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். தீயணைப்பு நிலைய அலுவலரை நேரில் பார்த்து, இடத்தை எப்போது பார்க்க வருவார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் திருத்தத்தை அன்றே செய்து, படம் எடுத்துக் காட்டுங்கள். உரிமம் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கைக்கு வருவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இது வியாபாரிகளைச் சட்டமீறலுக்குத் தள்ளும் ஏற்பாடு என்பது என் கருத்து. உரிமம் வரும் முன் சரக்கை இறக்கி எங்கேயோ பதுக்கி வைக்கும் பழக்கம் இந்தத் தாமதத்தில்தான் வளர்கிறது. ஒரு மாதம் முன்பே உரிமம் கொடுத்தால் பாதி ஆபத்து குறையும். அதுவரை உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, மொத்த வியாபாரியிடம் செய்யும் ஒப்பந்தம்தான். உரிம நகலைக் காட்டிய பிறகே சரக்கு புறப்பட வேண்டும், உரிமம் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஐப்பசியில் செல்லாது.

மறுத்தால்? காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், கேட்டால் அதைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மேல்முறையீடும் உண்டு. நடைமுறையில் தீபாவளி அதற்குள் போய்விடும். அதனால் மறுப்புக் காரணத்தை வாங்கி வைத்து, அடுத்த ஆண்டு வேறு இடம் பார்ப்பது பெரும்பாலோருக்கு மலிவான வழி.

உரிமம் இல்லாமல் விற்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூவாயிரம்தானே என்று சிரிப்பவர்கள் சிறை என்ற சொல்லைப் படிக்காமல் விட்டவர்கள். பறிமுதலாகும் சரக்கின் விலையையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதை விற்கலாம்

2018 தீர்ப்புக்குப் பிறகு விற்கத் தகுந்தது பசுமைப் பட்டாசு மட்டும். மத்திய அரசின் நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கலவைகளில் செய்தவை. பழைய வகையைவிடப் புகை சுமார் 30 சதவீதம் குறைவு என்பது அவற்றின் இலக்கு. அட்டைப்பெட்டியில் முத்திரையும் க்யூஆர் குறியும் இருக்கும். குறி இருக்கிறது என்பதோடு நிற்காமல் அதை ஸ்கேன் செய்து, வரும் விவரம் பெட்டியில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் ஆலையின் பெயர் உள்ள பில் வேண்டும். பில் இல்லாத மலிவுச் சரக்கு, பற்றினால் யாருடையது என்று சொல்ல முடியாத சரக்கு.

பேரியம் உப்பு சேர்ந்தவை கூடாது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது. சரவெடியும் அதே தடையில் அடங்கும். இந்த இடத்தில் வாசகர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. ஊரெல்லாம் சரவெடி வெடிக்கிறதே என்பீர்கள். வெடிக்கிறது. ஆனால் சோதனை வரும் நாளில் பக்கத்துக் கடையும் விற்றது என்பது உங்களுக்குக் கைகொடுக்காது. சீனப் பட்டாசை நினைத்தும் பார்க்காதீர்கள்.

சத்தத்துக்கும் அளவு உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைச் செய்யவோ விற்கவோ கூடாது. உங்களிடம் கருவி இருக்காது; ஆலையின் பில்லும் பெட்டி விவரமும்தான் உங்கள் சாட்சி. 'சத்தம் பிளக்கும்' என்று விளம்பரம் எழுதி அந்தச் சாட்சியை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆன்லைன் ஆர்டர் எடுத்து அனுப்புவதும் 2018 தீர்ப்பில் தடுக்கப்பட்டதே. உங்கள் உரிமம் அந்த இடத்தில், அந்தக் கவுன்டரில் விற்க மட்டும். ரயிலில் எடுத்துப் போவேன் என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் அது ரயில்வே சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிடுங்கள். வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

18 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. தெரிந்த பையன்தானே என்று விட்டுவிடுவோம். "தம்பி, அப்பாவைக் கூட்டிட்டு வா" என்ற ஒரு வரியைக் கடைப் பையன்களுக்கும் பழக்கிவிடுங்கள். கடையில் நிற்கும் பையன்களுக்கும் அதே வயதுதான் எல்லை. 2023 அக்டோபர் 7 அன்று கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்குமாக இருந்த இடத்தில் தீப்பற்றி 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தீபாவளிச் சம்பளத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். சரக்கு இறக்கும் நேரத்தில் நடந்தது அது. ஆகவே வேலைக்கு எடுப்பவர்களின் அடையாள அட்டையைப் பாருங்கள். சரக்கு இறங்கும்போது தேவையானவர் மட்டும் உள்ளே இருக்கட்டும். வண்டியின் இன்ஜின் அணைந்திருக்கட்டும்.

கடைக்குள்

எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த சுடர் எதுவும் கூடாது. சாமி படத்துக்கு ஊதுபத்தியும் அதில் அடக்கம். முதல் நாள் பூஜையைக் கடைக்கு வெளியே தள்ளி வைத்துச் செய்யுங்கள். பல்புகள் சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்க வேண்டும். ஒயரில் தொங்கக் கூடாது. சுவிட்சும் அப்படியே. கொட்டகை வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு மெயின் சுவிட்ச் தேவை. சீரியல் விளக்கு மாலையைத் தோரணமாகக் கட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

உரிமத்தில் எழுதிய எடைக்கு மேல் சரக்கு வைக்காதீர்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள்தான் உண்மையான விற்பனை என்பதால் எல்லோரும் அப்போதுதான் நிரப்புவார்கள். 2009 அக்டோபர் 16 அன்று திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் பட்டாசுக் கடையில் பற்றிய தீயில் 32 பேர் இறந்தார்கள். மறுநாள் தீபாவளி. அந்த நெரிசல் நாளில் அவசர வழியின் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்காமல் இருப்பதற்கென்றே ஒரு ஆளை நிறுத்தலாம். தீக்குச்சி வகைகளையும் ரோல் கேப்பையும் மற்றவற்றோடு கலக்காமல் தனி அடுக்கில் வையுங்கள். உரசினால் பற்றுபவை அவை.

மணல் வாளி, தண்ணீர் டிரம், தீயணைப்பான் ஆகியவை தீயணைப்பு நிலையம் சொல்லும் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இவற்றின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்டையோ காகிதமோ புகையத் தொடங்கும் நேரத்தில்தான் இவை பயன்படும். பட்டாசு மருந்துக்குத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் மூடி அணைக்க முடியாது. சரக்கே பிடித்துவிட்டால் கல்லாவை விட்டுவிட்டு ஆட்களை வெளியேற்றுவதுதான் வேலை. இதை வேலையாட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கத்த வேண்டியவர் யார், மெயினை அணைப்பவர் யார், 101க்குப் பேசுபவர் யார்.

மிச்சம்

உரிமத்தில் முடிவு நாள் எழுதியிருக்கும். அடுத்த நாள் காலை அந்தக் கடையில் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி இருந்தாலும் அது உரிமமில்லாச் சரக்கு. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பரணில் போடுவதும், கார்த்திகைக்கு விற்கலாம் என்று மளிகைக் கடைப் பின்கட்டில் வைப்பதும் தவறு. மொத்த வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்வாரா, என்ன விலைக்கு, வண்டி யாருடையது என்பதை வாங்கும்போதே பேசி எழுதுங்கள். ரிட்டன் எடுக்காதவர் கூடுதலாகத் தரும் தள்ளுபடி உண்மையில் தள்ளுபடியே அல்ல. விலைப்பட்டியலில் அச்சிட்ட விலைக்கு 80 சதவீதம் கழிவு என்பதே இந்தத் தொழிலின் பழைய வேடிக்கை. கழித்து வரும் விலையை மட்டும் பாருங்கள்.

நனைந்தவையும் உடைந்தவையும் திரும்பப் போகா. அவற்றைக் குப்பைத்தொட்டியில் போடாமல், தண்ணீரில் ஊறவைத்து, தீயணைப்பு நிலையம் சொல்லும் முறையில் அழியுங்கள்.

கடையைப் பிரித்ததும் உரிம நகல், வரைபடம், கொள்முதல் பில்கள், ரிட்டன் ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த ஆவணியில் அதே இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது வரைபடத்தில் மாற வேண்டியது சுற்றுவட்டாரம் மட்டும். பக்கத்துக் காலிமனையில் புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறதா என்று நாடாவோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.